லிங்க் அனுப்பியாச்சா? பினாங்கில் மின்னழைப்பிதழ்த் தொழில்

ஜார்ஜ்டவுனில் ஒரு கல்யாணச் செய்தி இப்போதெல்லாம் முதலில் வந்து விழுவது குடும்ப வாட்ஸ்அப் குழுவில். லிங்க் வந்த ஐந்தே நிமிடத்தில் வாழ்த்துக் குறிகள் குவிந்துவிடும். அதன் பிறகு கூலிமிலிருந்தோ கிள்ளானிலிருந்தோ ஒரு பெரியப்பாவின் குரல் பதிவு வரும்: "தாத்தா பேர தப்பா போட்டிருக்கீங்களே. முனியாண்டிக்கு மூணு சுழி 'ண்' வரணும்ல?" திரையில் மலர்ந்த தாமரையும் உதிர்ந்த தங்கத்தூளும் அவர் கண்ணில் படவே இல்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வடிவமைப்புத் தெரிந்தவர்கள். ஆனால் ஒரு குடும்பம் திரும்பத் தேடி வருவதும், அடுத்த வீட்டுக்குப் பரிந்துரைப்பதும் அந்தப் பெரியப்பாவுக்குக் குறை சொல்ல இடம் வைக்காதவரைத்தான். பெயர், நேரம், இடம், உறவுமுறை ஆகிய நான்கையும் பிழையில்லாமல் கொண்டு சேர்ப்பதே விற்பனைக்குரிய சரக்கு. அலங்காரம் அதற்கு மேலே போர்த்தும் பட்டு.

அச்சுக்கும் பினாங்குத் தமிழருக்கும் உறவு பழையது. 1880களிலேயே இங்கிருந்து தமிழ் இதழ்கள் வெளிவந்தன. நாகூர் குலாம் காதிறு நாவலர் 'வித்தியா விசாரிணி'யை நடத்தியது இந்த ஊரில்தான். கல்யாணப் பத்திரிகை விஷயத்தில் மட்டும் கண் எப்போதும் கடலுக்கு அப்பால் இருந்தது. முகூர்த்தப் புடவை எடுக்கச் சென்னைக்குப் போகிற குடும்பம், அப்படியே ஆண்டர்சன் தெருவில் நுழைந்து கார்டும் அடித்துக்கொண்டு வரும். போகாதவர்கள் உள்ளூர் அச்சகத்தில் தடித்த ஆல்பத்தைப் புரட்டுவார்கள். 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது இந்த ஏற்பாடு ஒரே நாளில் குலைந்தது. தேதி மாறியது, மண்டபம் மாறியது, விருந்தினர் எண்ணிக்கை சுருங்கியது. அடித்து வைத்த கார்டுகள் பெட்டியிலேயே கிடந்தன. ஒரே இடத்தில் திருத்தினால் எல்லார் கையிலும் திருந்துகிற அழைப்பிதழின் பயன் அப்போதுதான் வீடுகளுக்குப் புரிந்தது.

யாருக்கு விற்பது

பினாங்கு மாநில மக்கள்தொகையில் இந்தியர்கள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர். சந்தை சிறியது, ஆனால் அடர்த்தியானது. ஒரு கல்யாணத்துக்கு வந்த ஐந்நூறு பேரில் அடுத்த ஆண்டு கல்யாணம் வைக்கிறவர்கள் பலர் இருப்பார்கள்.

மலாய்க் குடும்பங்களிடையே 'காட் கஹ்வின் டிஜிட்டல்' எனப்படும் மின்னழைப்பிதழ் ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. மணமக்களே ஒரு படிவத்தை நிரப்பி, வடிவத்தைத் தேர்ந்து, பணம் கட்டினால் சற்று நேரத்தில் பக்கம் தயார். பாடல், வேஸ் வழிகாட்டி, வருகை உறுதி, வாழ்த்துப் பலகை, அன்பளிப்புக்கான க்யூஆர் எல்லாம் சேர்ந்த ஆயத்த வடிவங்கள் ஐம்பது ரிங்கிட்டுக்கும் குறைவாகவே கிடைக்கின்றன. இந்த விலையோடு ஒரு தனி மனிதர் மோதுவது வீண் வேலை.

ஆனால் அந்தப் படிவங்கள் தமிழ்க் குடும்பத்துக்குள் நுழைந்தால் திணறும். தாத்தா பாட்டி பெயருக்குக் கட்டமில்லை. பெற்றோரில் ஒருவர் காலமாகியிருந்தால் 'அமரர்' என்று சேர்க்க வழியில்லை. தமிழ் ஆண்டும் மாதமும், முகூர்த்த நேரமும், 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற தலைப்பில் வரிசைகட்டும் மாமன் சித்தப்பாக்களும் எங்கே போவார்கள்? தாய்மாமன் பெயர் விட்டுப்போய் மண்டப வாசல் வரை சண்டை வந்த வீடுகள் எந்த ஊரிலும் உண்டு. காகிதத்தில் இடம் போதாது என்று சமாளிக்கலாம். திரையில் அந்தச் சாக்கு செல்லாது. தொட்டால் விரியும் ஒரு பகுதியில் அறுபது பெயரையும் வைக்கலாம்.

இன்னொன்று, பெண் வீட்டுப் பத்திரிகையும் மாப்பிள்ளை வீட்டுப் பத்திரிகையும் ஒன்றல்ல. யார் அழைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து பெயர் வரிசை மாறும். காலையில் கோயிலில் தாலிகட்டு ஒரு வீட்டாரின் பொறுப்பாகவும், இன்னொரு நாள் மாலை மண்டபத்தில் டின்னர் மற்ற வீட்டாரின் பொறுப்பாகவும் இருப்பது மலேசியாவில் சாதாரணம். ஆகவே ஒரே பக்கத்துக்கு இரண்டு வாசல் வைத்துக் கொடுக்க வேண்டும்: ஒரு லிங்க்கைத் திறந்தால் பெண் வீட்டார் வரவேற்பார்கள், மற்றதைத் திறந்தால் மாப்பிள்ளை வீட்டார். உள்ளே நிகழ்ச்சி விவரம் பொது. வருகை உறுதி மட்டும் அந்தந்த வீட்டாருக்குப் போகும். செய்வதற்குக் கூடுதலாக ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆயத்தப் படிவக்காரரிடம் இது கிடைக்காது.

தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு நிக்காஹ், வலிமா என்ற பிரிப்பும், அரபு வரிகள் வலமிருந்து இடமாகச் சரியாக ஓடுவதும் முக்கியம். கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் திருப்பலி நேரமும் தேவாலயப் பெயரும் துல்லியமாக இருக்க வேண்டும். மூன்று சமயத்தாருக்கும் ஒரே பூக்கோலத்தை நீட்டுகிறவர் ஒருவரிடமும் நிலைப்பதில்லை.

வீடியோவா, லிங்க்கா

புதிதாக வருகிறவர்களுக்கு வீடியோ கார்டின் மீது ஆசை அதிகம். பார்க்கப் பளிச்சென்றிருக்கும், செய்து கொடுத்தால் கை கழுவிவிடலாம். ஆனால் வாட்ஸ்அப்பின் விதிகள் வீடியோவுக்குச் சாதகமாக இல்லை. 2019 ஜனவரி முதல் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் பகிர முடியாது. 2020 ஏப்ரலில் இன்னொரு கட்டுப்பாடு வந்தது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட கைகள் மாறி வந்த செய்தியில் இரட்டை அம்புக்குறி விழும். அதை அதன்பின் ஒரு முறைக்கு ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம். அத்தை, அத்தையின் சம்பந்தி, சம்பந்தியின் தங்கை என்று கைமாறும் கல்யாண வீடியோ சீக்கிரமே அந்த நிலைக்கு வந்துவிடும். 'பலமுறை பகிரப்பட்டது' என்ற முத்திரையோடு வந்து சேரும் அழைப்பில் மரியாதையும் இல்லை.

லிங்க் என்றால் நகலெடுத்து ஒட்டலாம். மேலே அனுப்புகிறவர் தன் சொந்த வரி ஒன்றை எழுதலாம். "மச்சான், குடும்பத்தோட வந்துடணும்" என்ற அந்த ஒரு வரிதான் உண்மையான அழைப்பு. அதனால் பக்கத்தோடு சேர்த்து, ஒட்டுவதற்குத் தயாராக மூன்று குறுஞ்செய்திகளும் எழுதிக் கொடுப்பது நல்லது: பெரியவர்களுக்கு ஒன்று, நண்பர்களுக்கு ஒன்று, அலுவலகத்துக்கு மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒன்று. ஒளிபரப்புப் பட்டியல் வழியாக அனுப்ப நினைப்பவருக்கு ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அனுப்புகிறவரின் எண்ணைத் தன் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். 'அழைப்பே வரவில்லை' என்ற மனத்தாங்கல் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

லிங்க் அனுப்பும்போது கூடவே தெரியும் சிறு முன்னோட்டப் படத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. பக்கத்தை எத்தனை முறை திருத்தினாலும், ஏற்கெனவே அனுப்பிய செய்தியில் உள்ள முன்னோட்டம் மாறாது. ஆகவே அந்தப் படத்தில் மணமக்கள் பெயரும் தேதியும் போதும். நேரத்தையும் மண்டபத்தையும் அதில் எழுதக் கூடாது. படம் சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும், இல்லாவிட்டால் சில கைப்பேசிகளில் வெறும் லிங்க்தான் தெரியும்.

திறந்தவுடன் நாதஸ்வரம் கேட்க வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்பார். கைப்பேசி உலாவிகள் பயனர் திரையைத் தொடும்வரை ஒலியை விடுவதில்லை. மலாய்க் கார்டுகளில் முதலில் ஒரு மூடிய கதவும் 'புக்கா' (திற) என்ற பொத்தானும் இருப்பது அழகுக்காக மட்டும் அல்ல; அந்தத் தொடுதலைப் பெறுவதற்கான உத்தி. கோயில் கதவு, மாவிலைத் தோரணம், வெற்றிலைத் தட்டு என்று தமிழ் வீட்டுக்கு ஏற்ற எதையும் அந்த இடத்தில் வைக்கலாம்.

என்ன பாட்டு என்பது அடுத்த சிக்கல். 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்தில் 'கண்மணி அன்போடு' பாடலைப் பயன்படுத்தியதற்காக 2024 மே மாதம் இளையராஜா தரப்பு படத் தயாரிப்பாளர்களுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது செய்தியானது. கல்யாணக் கார்டை எந்த இசையமைப்பாளரும் தேடி வரப்போவதில்லை என்று நினைக்கலாம். ஆனால் காசு வாங்கிக்கொண்டு விற்கும் ஒரு பொருளில் பிறர் பாடலை உரிமம் இல்லாமல் சேர்ப்பது சட்டப்படி தவறுதான். உள்ளூர் நாதஸ்வர தவில் குழு ஒன்றுக்குப் பணம் கொடுத்து, எழுத்தில் ஒப்புதல் வாங்கி, நாற்பது வினாடித் துணுக்குகள் சிலவற்றைப் பதிவு செய்துகொண்டால் ஆண்டுக்கணக்கில் உதவும். விளம்பரத்திலும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

இப்போது எல்லாவற்றையும்விடப் பெரிய தடையாக இருப்பது பயம். ஜனவரி 2025இல் காஸ்பர்ஸ்கை நிறுவனம் 'டிரியா' என்ற திருட்டு மென்பொருளைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. கல்யாண அழைப்பு என்ற பெயரில் வாட்ஸ்அப், டெலிகிராம் வழியாக ஏபிகே கோப்பாக வந்து, ஆண்ட்ராய்டு கைப்பேசியில் உள்ள குறுஞ்செய்திகளைத் திருடி, கணக்குகளைக் கைப்பற்றி, அந்த நபரின் பெயரிலேயே தெரிந்தவர்களிடம் பணம் கேட்கும் வேலை அது. குறிவைக்கப்பட்டவர்கள் மலேசியா, புருணை மக்கள். இந்தோனேசியாவில் 2023லேயே இதே பாணி மோசடி நடந்தது; இந்தியாவில் 2024 நவம்பரில் இமாசலப் பிரதேச இணையக் குற்றப் பிரிவு எச்சரித்தது. ஆக, இன்று 'கல்யாண லிங்க்' என்றாலே தொடத் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. தொழில் செய்பவர் அதை மதித்துத் தன் பக்கத்தை அமைக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை எளிமையானவை. சொந்த இணையப் பெயர் ஒன்று வாங்கி எல்லாக் கார்டுகளும் அதன் கீழேயே இயங்க வேண்டும். அடையாளம் தெரியாத சுருக்க லிங்க்குகள் வேண்டாம். எதையும் பதிவிறக்கச் சொல்லக் கூடாது, உள்நுழையச் சொல்லக் கூடாது. லிங்க்கோடு குடும்பத்தினர் ஒருவர் சொந்தக் குரலில் ஒரு வரி பேசி அனுப்பச் சொல்லலாம். பெரியவர்களுக்கு லிங்க் போவதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு. இது பழைய வழக்கமும்கூட. மஞ்சள் தடவிய பத்திரிகையைத் தட்டில் வைத்து நேரில் கொடுப்பதை எந்தத் திரையும் ஈடு செய்யாது என்பதை வாடிக்கையாளரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, ஐம்பது அச்சுப் பிரதிகளையும் சேர்த்தே விற்கலாம். குலதெய்வத்துக்கு வைக்கவும், சம்பந்தி வீட்டுக்குக் கொடுக்கவும், தாத்தா அலமாரியில் சேர்த்து வைக்கவும் அவை வேண்டும்.

எழுத்து

தமிழ்க் கணினிக்கு மலேசியா அந்நியம் அல்ல. முரசு அஞ்சலையும் செல்லினத்தையும் உருவாக்கிய முத்து நெடுமாறன் இந்த நாட்டுக்காரர். இருந்தும் கடைத்தெருவில் நிலைமை கலவையாகத்தான் இருக்கிறது. அச்சகங்கள் சிலவற்றில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துரு முறைகள் புழங்குகின்றன. அங்கிருந்து வரும் கோப்பை இணையப் பக்கத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். மாற்றிகள் உண்டு, மாற்றிய பிறகு ஒவ்வொரு சொல்லையும் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

போட்டோஷாப்பில் தமிழ் உடைந்து, கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக நின்றால், எழுத்து அமைப்புகளில் உலக மொழிகளுக்கான வடிவமைப்புப் பொறியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேன்வாவில் எழுத்திடைவெளியைக் கூட்டும் பழக்கத்தை ஆங்கில வரிகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தமிழில் அது சொல்லைச் சிதறடிக்கும். அதே கேன்வாவில் உள்ள ஆயத்த வடிவத்தை மாற்றமில்லாமல் எடுத்துத் தன் வடிவம் என்று விற்க அதன் உரிம விதிகள் இடம் தருவதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இலவசமாகவும் வணிகப் பயன்பாட்டுக்குத் தடையில்லாமலும் கிடைக்கும் நல்ல எழுத்துருக்கள் கூகுள் ஃபாண்ட்ஸில் உண்டு. தலைப்புக்கு, இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவனார் ஓர் ஓவியக் கையெழுத்துச் சாயல் தரும்; உடல் எழுத்துக்கு நோட்டோ செரிஃப் தமிழ் கண்ணை உறுத்தாது; நவீனமாக வேண்டுமென்றால் பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரன். ஒரு கார்டுக்கு இரண்டு எழுத்துரு போதும். நான்கு வைத்தால் தேர்தல் சுவரொட்டி.

பெயர்களுக்கு வருவோம். அடையாள அட்டையில் ரோமன் எழுத்தில் உள்ள பெயரை இயந்திரத்தில் போட்டுத் தமிழாக்கினால் விபரீதம்தான். வள்ளியம்மா வல்லியம்மா ஆவார். லெட்சுமி என்றே மூன்று தலைமுறையாக எழுதும் குடும்பத்தில் இயந்திரம் லக்ஷ்மி என்று திருத்திவிடும். எது இலக்கணப்படி சரி என்று வாதாடுவது வடிவமைப்பாளரின் வேலை அல்ல. அந்த வீட்டில் எப்படி எழுதுகிறார்களோ அதுதான் சரி. மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆனாலும் மணமக்களில் பலர் தேசிய, சீனப் பள்ளிகளில் படித்தவர்கள், தமிழில் தங்கள் பாட்டி பெயரை எழுதிக் காட்ட முடியாதவர்கள். அவர்களிடம் கேட்டுப் பயனில்லை. பாட்டியிடம் கேட்க வேண்டும். பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்று வீட்டில் இருந்தால் அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வது சிறந்த வழி. பெயர், வரிசை, மரியாதைச் சொற்கள் எல்லாம் அதில் ஏற்கெனவே பெரியவர்களால் தீர்க்கப்பட்டிருக்கும்.

பக்கத்தை வெளியிடும் முன் இப்படி ஒரு செய்தி போக வேண்டும்:

"வணக்கம் அக்கா. கீழே இருப்பதை வீட்டில் பெரியவர் ஒருவரிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். மணமக்கள் பெயர், நான்கு பெற்றோர், தாத்தா பாட்டி, காலமானவர்கள் யார், தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை, முகூர்த்த நேரம், மண்டபம், யாருடைய தொலைபேசி எண். எல்லாம் சரி என்றால் 'சரி' என்று எழுதி அனுப்புங்கள். அதன் பிறகே லிங்க் திறக்கும்."

அந்த 'சரி'யைத் திரைப்பிடிப்பாகச் சேமித்து வைக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவர் மட்டுமே திருத்தம் சொல்லலாம் என்பதையும் முதல் நாளே எழுத்தில் முடிவு செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மணமகளின் அண்ணன் சிவப்பு கேட்பார், மணமகனின் அக்கா அதை மறுப்பார்.

நேரமும் இடமும்

மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. பினாங்கில் சூரியன் உதிப்பது காலை ஏழு மணியை ஒட்டியோ அதற்குப் பிறகோ. தமிழ்நாட்டு நாட்காட்டியில் ஆறு மணி உதயத்தை வைத்து அச்சான ராகு காலத்தை அப்படியே இங்கே பொருத்தினால் பஞ்சாங்கம் பார்க்கிற பெரியவர் ஒருவராவது கேள்வி கேட்பார். முகூர்த்த நேரத்தை வடிவமைப்பாளர் கணக்கிடவே கூடாது. குருக்களோ ஜோதிடரோ எழுதிக் கொடுத்ததை வாங்கிப் போட வேண்டும். தமிழ் ஆண்டு ஏப்ரல் 14 வாக்கில் மாறுவதையும் கவனிக்க வேண்டும். 2026 ஏப்ரல் நடுவரை விசுவாவசு, அதன் பிறகு பராபவ. போன ஆண்டுக் கார்டை நகலெடுத்துத் திருத்துகிறபோது தவறாமல் விட்டுப்போவது இந்த ஒரு சொல்.

நேரலை இருந்தால் மலேசிய நேரம், இந்திய நேரம் இரண்டையும் போட வேண்டும். யூடியூபில் ஒரு கணக்குக்கு முதன்முறை நேரலை வசதியை இயக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். கல்யாணத்தன்று காலையில் தொடங்கினால் தாலி கட்டி முடிந்துவிடும்.

ஊர்ப்பெயர்களில் பினாங்குக்கே உரிய குழப்பம் ஒன்று உண்டு. பெரியவர்களுக்கு அது கிரீன் லேன். வேஸில் ஜாலான் மஸ்ஜிட் நெகிரி. பிட் ஸ்ட்ரீட் என்றால்தான் சிலருக்குப் புரியும். பலகையில் இருப்பது ஜாலான் மஸ்ஜிட் கப்பித்தான் கெலிங். தண்ணீர்மலை என்று தமிழர் சொல்லும் இடத்துக்கு வழிகாட்டி காட்டுவது ஜாலான் கெபுன் புங்கா. ஆகவே இரண்டு பெயரையும் போட வேண்டும். மாரியம்மன் பெயரில் தீவிலும் பெருநிலத்திலும் கோயில்கள் பல. குயின் ஸ்ட்ரீட்டில் 1833ஆம் ஆண்டு முதல் இருக்கும் மகா மாரியம்மன் கோயிலுக்குப் போக வேண்டியவர் பாலம் தாண்டிப் போய் நின்றால் பழி கார்டு செய்தவர் மீதுதான் விழும். வரைபடக் குறியைத் தானே ஒருமுறை தொட்டுப் பார்த்து, கார் நிறுத்த எங்கே திரும்ப வேண்டும் என்று ஒரு வரியும் சேர்த்துவிட வேண்டும். லிட்டில் இந்தியாவுக்குள் சனி, ஞாயிறுகளில் வண்டி நிறுத்த இடம் தேடுவது எப்படி என்று உள்ளூர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. ஈப்போவிலிருந்து வருகிறவருக்குச் சொல்ல வேண்டும்.

வருகை உறுதி தமிழ்க் குடும்பங்களில் சட்டென்று நடக்காது. "கண்டிப்பா வர்றோம்" என்பது பதில். எத்தனை பேர் என்பது மண்டபத்தில்தான் தெரியும். கேட்டரிங்காரரோ எத்தனை 'பேக்ஸ்' (பேர்) என்று ஒரு மாதம் முன்பே கேட்பார். நீண்ட படிவம் வைத்தால் யாரும் நிரப்ப மாட்டார்கள். பொத்தானைத் தொட்டால் வாட்ஸ்அப் திறந்து, 'நாங்கள் ... பேர் வருகிறோம், சைவம் ... பேர்' என்று பாதி எழுதிய செய்தி மணமக்களின் சகோதரருக்குப் போகும்படி செய்தால் பதில் வரும்.

மொய்க்கு க்யூஆர் வைப்பதா என்ற கேள்வியில் குடும்பங்களே பிளவுபட்டு நிற்கின்றன. 2021 ஜனவரியில் மதுரைக் கல்யாணம் ஒன்றில் அழைப்பிதழிலேயே கூகுள் பே, போன்பே குறியீடுகளை அச்சிட்டது நாடு முழுவதும் செய்தியானது. சுமார் முப்பது பேர் அதன் வழியாக மொய் எழுதினார்கள் என்று மணமகள் வீட்டார் சொன்னார்கள். இங்கே டுயிட்நவ் க்யூஆர் கடைத்தெரு முழுக்கப் புழக்கத்தில் இருப்பதால் தொழில்நுட்பம் தடையில்லை. தடை, காசு கேட்பது போலத் தோன்றுமோ என்ற கூச்சம். கேட்டால் மட்டும் வைப்பது, வைத்தாலும் முதல் திரையில் வைக்காமல் கடைசிப் பகுதியில் தனியாக வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். பணம் அனுப்புமுன் திரையில் தெரியும் கணக்குக்காரர் பெயரைச் சரிபார்க்கும்படி அருகிலேயே எழுதிவிட வேண்டும்.

பதிவும் விலையும்

தனி உரிமையாளர் தொழிலாக எஸ்எஸ்எம் எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிவது போதும். தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும். அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பெயரிலேயே நடத்தினால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயர் வைத்தால் 60. இணையத்தில் ஆணையத்தின் ஈஸிபிஸ் தளம் வழியாகவே முடிக்கலாம். பெயரில் 'ராயல்' சேர்க்கும் ஆசை கல்யாணத் தொழிலில் பலருக்கும் வரும். அரச குடும்பத் தொடர்பைக் காட்டும் சொற்களுக்குக் கட்டுப்பாடு உண்டு என்பதால் அந்த ஆசையைத் தொடக்கத்திலேயே விட்டுவிடலாம். பதிவுச் சான்றிதழ் இருந்தால் தொழில் வங்கிக் கணக்கும், வணிகருக்கான டுயிட்நவ் க்யூஆரும், டாட் காம் டாட் எம்ஒய் முகவரியும் கிடைக்கும். வருமானத்தை வருமான வரி வாரியத்துக்கு 'பி' படிவத்தில் காட்ட வேண்டும். அதற்குரிய கணக்குகளை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

கடன் வாங்க டெக்குன் நேஷனலின் ஸ்புமி திட்டம் இந்தியத் தொழில்முனைவோருக்கு உண்டு. ஆனால் ஒரு மடிக்கணினியும் ஒரு நல்ல கைப்பேசியும் ஏற்கெனவே இருக்கும் வீட்டில் இந்தத் தொழிலுக்குக் கடன் எதற்கு? முதல் ஆண்டு முழுக்க இணையப் பெயர், சேவையக இடம், வடிவமைப்புச் சந்தா இவைதான் செலவு.

விலையில்தான் பலர் சறுக்குகிறார்கள். உதாரணத்துக்கு ஒரு கணக்கு: ஒரு கார்டுக்கு 60 ரிங்கிட் வாங்குகிறார், பேச்சு, பெயர் சரிபார்ப்பு, திருத்தம் எல்லாம் சேர்ந்து எட்டு மணி நேரம் ஆகிறது. மணிக்கு 7.50 ரிங்கிட். 2025 பிப்ரவரி முதல் மலேசியாவின் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,700 ரிங்கிட், மணிக்கணக்கில் 8.17. சொந்தத் தொழில் என்ற பெயரில் சட்டம் அனுமதிக்கும் கூலிக்கும் கீழே உழைக்கிறார். அதே எட்டு மணி நேர வேலைக்கு 160 வாங்கினால்தான் மணிக்கு இருபது ரிங்கிட் நிற்கும். நேரத்தைக் குறைத்து விலையையும் குறைத்த ஆயத்த வடிவம் ஒன்று, முழுதும் குடும்பத்துக்கென்று செய்தது ஒன்று என இரண்டே வகை வைத்துக்கொள்வது தெளிவு. பாதிப் பணம் முன்பணம், இரண்டு சுற்றுத் திருத்தம் இலவசம், மூன்றாவது சுற்றுக்குக் கட்டணம். தேதி மாற்றத்துக்கு மட்டும் காசு வாங்காமல் இருப்பது புத்திசாலித்தனம். கல்யாணம் தள்ளிப்போன வீட்டில் பில் நீட்டியவரை ஊர் மறக்காது. விலை, பதிவெண், தொடர்பு விவரம் ஆகியவற்றை விற்பனைப் பக்கத்தில் வெளிப்படையாகக் காட்டுவது இணைய வணிகத்துக்கான நுகர்வோர் விதிகளின்படி கட்டாயம்.

விருந்தினர் பெயரும் தொலைபேசி எண்ணும் சேர்ந்த பட்டியல் ஒரு புகைப்படக்காரருக்கோ காப்புறுதி முகவருக்கோ பொன். அதைக் கைமாற்றவே கூடாது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் முதல் அமலில் இருக்கிறது. கல்யாணம் முடிந்து இத்தனை மாதம் பக்கம் இருக்கும், பிறகு பட்டியல் அழிக்கப்படும் என்று ரசீதிலேயே எழுதிவிட்டால் யாருக்கும் குழப்பமில்லை.

ஆடியில் தொடங்குவது

தொழில் தொடங்க நல்ல மாதம் ஆடி. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை இந்துக் கல்யாணங்கள் அநேகமாக இல்லை; புகைப்படக்காரர், மேடை அலங்காரக்காரர், மேக்கப் கலைஞர் எல்லாரும் உட்கார்ந்து பேச நேரம் உள்ளவர்கள். ஆவணிக்குக் கல்யாணம் வைத்திருப்பவர்கள் அழைப்பிதழ் தேடுவதும் இதே வாரங்களில்தான். கற்பனைப் பெயர்களில் மூன்று மாதிரிப் பக்கங்கள் செய்து, அவற்றைப் பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருக்கும் ஒரு மாமாவிடம் கொடுத்துத் திறக்கச் சொல்ல வேண்டும். அவர் எங்கே விரல் வைக்கத் தயங்குகிறாரோ அங்கே பொத்தான் பெரிதாக வேண்டும்.

விளம்பரத்துக்குக் காசு செலவழிப்பதற்குப் பதிலாக லெபோ பாசார் பக்கத்துப் புடவைக்கடை, நகைக்கடைக் கவுண்டர்களில் சிறு க்யூஆர் அட்டை வைக்க இடம் கேட்கலாம்; தாலிக்குப் பொன் வாங்க வருகிறவரைவிட உறுதியான வாடிக்கையாளர் வேறு யார்? பரிந்துரைக்கும் புகைப்படக்காரருக்குத் தரகு தருவதா, பதிலுக்கு அவர் பெயரைப் பக்கத்தின் அடியில் போடுவதா என்பதை முதல் கார்டுக்கு முன்பே பேசி முடிக்க வேண்டும். பெயர் போடுவதற்கு மணமக்களின் சம்மதமும் தேவை. சிலருக்குத் தங்கள் அழைப்பில் விளம்பரம் பிடிப்பதில்லை.

ஒரே சமூகத்தை நம்பினால் ஆடியிலும் மார்கழியிலும் அடுப்பு அணையும். நோன்பு மாதத்தில் முஸ்லிம் கல்யாணங்கள் நிற்கும். சீனர்களின் பேய் மாதம் பெரும்பாலும் ஆகஸ்டையோ செப்டம்பரையோ ஒட்டி வரும். மூன்று நாட்காட்டியையும் ஒன்றாகச் சுவரில் மாட்டி வைத்தால் எந்த மாதம் எந்த வீட்டுக் கதவைத் தட்டலாம் என்பது தெரியும். இடைப்பட்ட காலத்தில் புதுமனை புகுவிழா, காதணி விழா, அறுபதாம் கல்யாணம். மார்கழியில் வேலை குறையும்போது கணக்கு முடிப்பது, இணையப் பெயரைப் புதுப்பிப்பது, கெடு முடிந்த பக்கங்களையும் பட்டியல்களையும் அழிப்பது, தைக்குப் பேசி வைத்திருக்கும் குடும்பங்களிடம் பழைய பத்திரிகையின் படத்தைக் கேட்டு வாங்குவது என்று நாட்கள் ஓடிவிடும்.